வாலைப் பிடி

அந்த ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு பிள்ளைகூடச் சாலையில் ஓடவில்லை. பள்ளி விட்டதும் ஓரமாக வரிசையில் நிற்பார்கள். பெரியவர் யாராவது வந்தால் அவருடைய சட்டை நுனியையோ துப்பட்டாவையோ இறுகப் பற்றிக்கொண்டு கடப்பார்கள். அந்தப் பிடியில் சில சமயம் துணியே கிழிந்துபோகும். கிழிந்தாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எல்லாம் ஓவியர் பூரணி வரைந்த திரைப்படத்தின் வேலை.

பதிதிரை வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சாதாரணத் திரையில் பார்த்தது பார்த்ததாகவே இருக்கும். பதிதிரையில் பார்த்ததோ, பார்த்தவருக்கே நடந்ததாக மூளையில் போய் உட்காரும். அடுப்பில் சுட்டுக்கொண்ட பூனைக்குட்டியின் கதையைப் பார்த்த குழந்தை சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காது. இதற்குக் கார்ட்டூன் போல வரைந்து ஓட்டும் ஓவியப் படங்கள்தான் தோதாக இருந்தன. மனிதர்கள் நடித்தால் நடிகரின் முகம் குறுக்கே நின்றது. வரைந்த உருவத்துக்குள் குழந்தை சுலபமாகப் புகுந்துகொண்டது.

பூரணியின் மகள் சாரலுக்கு ஆறு வயது. சரவணம்பட்டியில் ஒரு பஞ்சுமிட்டாய்க்காரரைப் பார்த்துத் தாயின் கையை உதறிவிட்டு ஓடியவளை ஒரு சரக்கு வண்டி உரசிக்கொண்டு நின்றது. முழங்கையில் தோல் மட்டும்தான் போனது. ஆனால் அந்த பிரேக் சத்தம் பூரணியின் காதைவிட்டுப் போகவில்லை. அந்தப் பயத்தில் பிறந்ததுதான் 'வாலைப் பிடி'. தாயின் வாலைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கும் குட்டி அணில், ஒரு கொய்யாப்பழத்துக்கு ஆசைப்பட்டு வாலை விட்டுவிடுகிறது. அதைத் தேடித் திரும்பி வரும் தாயின் மேல் வண்டி ஏறிவிடுகிறது.

சோதனைக் காட்சியில் பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதார்கள். கொஞ்ச நாளில் சுத்தமாக மறந்துபோனார்கள்.

"செத்தது அணில்தானே, அதான் நிக்கல" என்றார் ஜெரால்டு. பதிதிரையைக் கண்டுபிடித்த மூளையியல் அறிஞர் அவர். பூரணி வேலை பார்த்த படக்கூடத்தின் தலைவரும் அவரே. "தாய் அணிலை நீ முழுசா வரையாத, பூரணி. வெறும் உருவம் மட்டும் குடு. குரல், நடை, வாசனை எல்லாத்தையும் பாக்குற குழந்தை மனசுலருந்தே திரை எடுத்துக்கட்டும்."

"அப்ப அவங்கவங்க அம்மாவாத் தெரியுமா சார்?"

"அணிலாத்தான் தெரியும். அம்மாவா வலிக்கும்."

பூரணியின் காதில் அந்த பிரேக் சத்தம் மறுபடி கேட்டது.

"செஞ்சிரலாம் சார்" என்றாள்.

திருத்திய படத்துக்கு முதல் குழந்தையாகத் தன் மகளையே உட்கார வைத்தாள். படம் முடிந்ததும் சாரல் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அன்று முழுவதும் மடியைவிட்டு இறங்கவில்லை. தெருவில் துப்பட்டா நுனியைப் பிடித்த பிடி தளரவே இல்லை. மாதங்கள் போயும் பதிவு மங்காததால் மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் படத்தைக் காட்டினார்கள். பூரணிக்கு மேடை போட்டு மாலை மரியாதை செய்தார்கள்.

ஒரு நாள் பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது, சாலையைக் கடந்ததும் சாரல் துப்பட்டாவை விட்டாள்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி."

பூரணி சிரித்தாள். "என்ன கண்ணு இது, புது விளையாட்டா? அம்மான்னு கூப்பிடு."

சாரல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அம்மா மாதிரியேதான் இருக்கீங்க. ஆனா அம்மா செத்துட்டாங்க ஆன்ட்டி. நான்தான் விட்டுட்டேன்." அவள் அழவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"அது அணில்டா தங்கம். அம்மா வரைஞ்ச படம்."

"எந்த அணில்?"

பூரணி அப்படியே மகளைத் தூக்கிக்கொண்டு ஜெரால்டிடம் ஓடினாள். சாரலைச் சோதித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கோடும் வண்ணமும் கொஞ்ச நாள்ல உதிர்ந்துருது பூரணி. நடந்தது மட்டும் நிக்குது. இத நான் எதிர்பாக்கல."

"எடுத்துருங்க சார்."

"பதிஞ்சத எடுக்க வழியில்ல. வேணும்னா அதுக்கு மேல இன்னொன்ன பதிக்கலாம்."

வீட்டில் சாரல் சமர்த்தாகவே இருந்தாள். பிறர் வீட்டுக்கு வந்த குழந்தையைப்போல் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். பூரணியின் கல்யாணப் படத்தின் முன்னால் நாற்காலி போட்டு ஏறி, அதற்கு மல்லிகைச் சரம் மாட்டினாள். "தினமும் பூ வாங்கித் தர்றீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். பூரணி தினமும் வாங்கிக் கொடுத்தாள். சாரல் கண்ணை மூடிக் கும்பிடும்போது, தன் படத்துக்கு எதிரில் தானும் பேசாமல் நிற்பாள். கும்பிட்டு முடித்ததும் அந்தப் பிஞ்சு வாய் "மன்னிச்சுக்கம்மா" என்று முணுமுணுக்கும்.

"மன்னிச்சுட்டேன்டா" என்று பூரணி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"உங்களக் கேக்கல ஆன்ட்டி."

அப்பா மதிவாணனிடம் மட்டும் சாரல் எப்போதும்போல் ஒட்டிக்கொண்டாள். ஒரு நாள் சாப்பிடும்போது அவர் காதில் ரகசியமாகச் சொன்னாள்: "இந்த ஆன்ட்டியையே கட்டிக்கோங்கப்பா. தோசை நல்லா சுடுறாங்க." பூரணியின் காதில் விழுந்துவிட்டது. மதிவாணன் தட்டோடு எழுந்து போனார்.

இதற்குள் ஊரெங்கும் இதே கதையாகிவிட்டது. படக்கூடத்தின் வாசலில் தாய்மார்கள் வந்து உட்கார்ந்தார்கள். சிலர் கத்தினார்கள். பலருக்குக் கத்தத் தெம்பில்லை. தங்களைவிட்டு ஒரு கை தள்ளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூரணி இன்னொரு படம் வரைந்தாள். வேறு நினைப்பே இல்லாமல் வரைந்தாள். செத்ததாக எண்ணிய தாய் அணில் நொண்டிக்கொண்டே திரும்பி வருகிறது. குட்டியின் கண்ணீரைத் துடைத்து, "உன்மேல தப்பில்ல" என்கிறது. இந்தத் தாயின் குரலையும் வாசனையையும் குழந்தையின் மனமே கொடுக்கும்படி செய்தார்கள். "இந்த முறை ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மா திரும்பக் கிடைச்சுருவா" என்றார் ஜெரால்டு.

இப்போதும் முதலில் சாரல்தான். இருட்டில் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் பூரணி. தாய் அணில் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது சாரலின் முகம் மலர்ந்தது. எத்தனையோ நாளாகக் காணாத சிரிப்பு. விளக்குகள் எரிந்ததும் பூரணி மண்டியிட்டுக் கைகளை விரித்தாள். சாரல் ஓடிவந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா வந்துட்டாங்க ஆன்ட்டி. என்மேல தப்பில்லன்னு சொல்லிட்டாங்க."

பூரணி அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இவ்வளவு நாளா என்னை நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்று சாரல் அவள் கன்னத்தைத் தடவினாள். "இனிமே நீங்க உங்க வீட்டுக்குப் போலாம்."

வெளியே நடைவழியில் தாய்மார்கள் பிள்ளைகளுடன் காத்திருந்தார்கள். சாரல் துள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் எல்லோருக்கும் உயிர் வந்தது. முன்னால் நின்ற பெண் பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா சிரிக்குதே. சரியாயிருச்சுங்களா?"

பூரணி திரும்பிப் பார்த்தாள். நடைவழியின் ஆளில்லாத மூலையைப் பார்த்துச் சாரல் கையசைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்து, யாரோ சொல்வதைக் கேட்பதுபோல் நின்று, கலகலவென்று சிரித்தாள். மன்னிப்புக் கேட்டு முணுமுணுத்த வாய் அது.

"சிரிக்கிறா" என்றாள் பூரணி. சொல்லிவிட்டு, அடுத்த குழந்தைக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.