கீழ் வீட்டில் குடை

அழைப்பு மணி விடாமல் அடித்தது. அவள் கதவைத் திறந்தால்... தோள்பட்டை நனைந்த சட்டையோடு, கடுகடுவென்று ஒருவன்.

"நான் கீழ் வீடு. உங்க டாய்லெட் தண்ணி என் தலையில சொட்டுது. கேக்க ஆளே இல்லையா?"

"கேக்க வேண்டியது என்னையில்ல, ஓனரை! உள்ள வந்து அந்த லட்சணத்த நீங்களே பாருங்க!"

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் அவள். நாள் முழுக்க அடுத்தவர் கண்களைப் பார்ப்பதே பிழைப்பு. ஆனாலும் இந்தக் கண்களில்... கோபத்துக்கு அடியில் ஒரு குறும்பு ஒளிந்திருந்தது. சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். சீ, சண்டைக்கு வந்தவன் கண்ணையா ஆராய்வது?

லட்சணம் இதுதான். உடைந்த கம்மோடை மாற்ற ஓனர் அனுப்பிய ஆள், பழையதைவிடப் பெரியதாக ஒன்றைக் கொண்டுவந்து, முன்னால் தள்ளி உட்காரவைத்து, சுற்றிலும் சிமென்ட்டை அப்பிவிட்டுப் போயிருந்தான். அடியில் கசிவு. அதைவிடக் கொடுமை, வேலை முடியும்வரை கதவைச் சுவரோடு திறந்தே வைத்திருந்த அந்தப் புண்ணியவான், ஒரு தடவைகூட அதை மூடிப் பார்க்கவில்லை. இப்போது இழுத்தால் கதவு கம்மோடில் முட்டிக்கொண்டு நின்றது.

"மூடவே மூடாதா?" என்றான் அவன், வந்த கோபத்தை மறந்து.

"மூடாது. நாளைக்கு அப்பா ஆஸ்பத்திரியிலேருந்து வர்றார். இடுப்புல ஆபரேஷன். வாக்கர் பிடிச்சுதான் நடக்கணும்..." அவள் கதவை மறுபடி இழுத்துப் பார்த்தாள். "கதவு மூடலன்னா அவர் போக மாட்டார். போகாம இருக்கறதுக்காகத் தண்ணியே குடிக்க மாட்டார். அங்கயும் அதத்தான் செஞ்சார்."

அவன் விறுவிறுவென்று படியிறங்கிப் போனான். அவ்வளவுதான், ஆளை விட்டால் போதுமென்று ஓடிவிட்டான் என்று அவள் நினைத்தாள். கருவிப் பையோடு திரும்பி வந்தான்.

"நான் பஸ் டிரைவருங்க. கதவு மூடாம வண்டிய எடுக்க எனக்கு மனசு வராது."

கீல்களைக் கழற்றி, கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டி, உள்ளே புதுத் தாழ்ப்பாளும் வைத்துக் கொடுத்தான். தரையெல்லாம் மரத்தூள், அவன் மூக்கு நுனியிலும் மரத்தூள். சொல்லலாமா வேண்டாமா... அவள் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கிவந்த அப்பா, வாக்கரைப் பிடித்து மெல்ல நடந்து டாய்லெட்டுக்குள் போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, "ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்று அவர் கேட்டபோது, அவள் சமையலறையில் நின்று அழுதே விட்டாள். முன்பின் தெரியாத ஒருத்தன் இதைச் செய்தானே!

சாயங்காலம் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்க வந்தவனிடம் அப்பா கேட்டார். "ஏன் தம்பி, உனக்கு எதுக்கு இந்தச் சிரமம்?"

"பாவம், தனியா கஷ்டப்படுறாங்களேன்னுதான் சார்..."

பாவமா? அவளுக்குச் சுருக்கென்றது. அவன் படியிறங்கும்போது பின்னாலேயே போனாள்.

"செஞ்ச உதவிக்கு ரொம்ப நன்றி. ஆனா பாவம் பார்த்து யாரும் எங்க வீட்டுக்கு வர வேண்டாம்."

அவன் முகம் விழுந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டுப் போனவன் அப்புறம் மேலே வரவேயில்லை. அவளுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. சொட்டுது என்று சண்டைக்காவது வர மாட்டானா? ஓனருக்குப் போன் செய்தால், "கீழ் வீட்டுல இப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம்னுட்டாங்களே!" என்றார். கசிவு நின்றிருக்குமோ? மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனசு கேட்காமல் தானே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"சொட்டுறது நின்னுடுச்சான்னு பாக்கலாம்னு..."

அவன் தடுப்பதற்குள் குளியலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள். கூரையில் பெரிய ஈரத் திட்டு. கீழே வாளி. கம்மோடுக்கு நேர் மேலே, குழாயில் கட்டிய ஒரு கறுப்புக் குடை, விரித்தபடி!

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "குடை பிடிச்சுக்கிட்டா... போறீங்க?"

"மழைக்காலம் பாருங்க..." என்று அசடு வழிந்தான்.

"ஓனர்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். மேல உடைச்சு மறுபடி பூசணும், சிமென்ட் காயற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாதுன்னார். உங்கப்பா எங்க போவார்? அவர் படி இறங்குற வரைக்கும் பொறுத்துக்கறேன்னு நான்தான் நிறுத்தி வெச்சேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. கண்கள் நிறைந்து, எதிரில் நின்றவன் கலங்கலாகத் தெரிந்தான்.

"அன்னிக்கு நான் ஏன் அப்படிக் கோபப்பட்டேன் தெரியுமா?" என்றாள். "உங்களுக்கு என்மேல வெறும் பாவம் மட்டும்தானோன்னு... பயந்துட்டேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்களில் இப்போது குறும்பு இல்லை.

"உங்கப்பா எதிர்ல நின்னுக்கிட்டு வேற என்னத்தங்க சொல்ல முடியும்?"

"இப்ப அப்பா மேலதானே இருக்கார்..."

"உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. சண்டை போட வந்த அன்னிக்கே."

"எனக்கும்தான்" என்றாள் அவள், பார்வையைத் திருப்பிக்கொள்ளாமல்.