சிவப்புப் புள்ளி வைத்த நத்தை

எனக்கு லூர்துராஜ் மேல்தான் சந்தேகம். போன அன்றே வந்துவிட்டது.

நாகலூரில் பஸ் இறங்கி, காப்பித் தோட்டத்துக்கு நடுவே இருந்த அந்தப் பழைய பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. நத்தைகளை ஆராய்ச்சி செய்ய வந்திருக்கிறேன் என்றதும் வாட்ச்மேன் லூர்துராஜ் என் பெட்டியை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"மறுபடியுமாங்க?" என்றார்.

என் வேலை ஒன்றும் கஷ்டமில்லை. அக்கம்பக்கத்தில் பூச்செடியும் கீரையும் போடுகிறவர்களின் நாற்றுகளை நத்தைகள் மொட்டையடித்துக்கொண்டிருந்தன. உப்பைத் தூவினால் மண் கெட்டுப்போகும். பொறுக்கி வெளியே வீசலாம். ஆனால் எவ்வளவு தூரத்தில் விட்டால் திரும்பி வராது? அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் ஜனங்களுக்கு உபயோகம், எனக்கும் வேலை நிரந்தரமாகும். தோட்டத்துக் கல்தொட்டியருகே நத்தைகளைப் பிடித்து, ஓட்டில் வெள்ளை நெயில் பாலிஷால் புள்ளி வைத்து, தூரத்தில் விட்டு வருவேன். கிட்டத்தில் விட்டவை திரும்பின. தூரத்தில் விட்டவை திரும்பவில்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில், தொட்டிச் சுவரில் ஊர்ந்த நத்தை ஒன்றின் ஓட்டில், என் வெள்ளைப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

தொட்டேன். விரலில் ஒட்டியது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஓட்டின் நுனி உடைந்திருந்த அந்த நத்தையை டப்பாவில் போட்டு, ஷேர் ஜீப் பிடித்து, மலையில் சில மைல் தள்ளியிருந்த மஞ்சக்குட்டையில் கொண்டுபோய் விட்டேன். மறுநாள் அதே சுவரில் அதே நத்தை! மஞ்சக்குட்டையிலிருந்து அது ஊர்ந்து வந்தது என்றால் பச்சைக் குழந்தைகூட நம்பாது. நேராகப் போய் லூர்துராஜைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்ணா என் பொழப்புல மண்ணைப் போடறீங்க?"

"ஐயோ, நானில்லீங்க மேடம். அது ஷீனா மேடம் வெக்கிற கலருங்க."

"யாரு ஷீனா?"

"உங்களுக்கு முன்னாடி இதே வேலைக்கு வந்தவங்க. நொம்ப நல்ல புள்ளைங்க. அந்தத் தொட்டியிலதான் வழுக்கி உழுந்து..." சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "அவங்க வேல இன்னும் முடியலீங்களே."

நல்ல நடிப்பு என்று நினைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று அன்று சாயங்காலம் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மூடுபனி இறங்கியது. சில்வர் ஓக் மரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஈர மண் வாசனை. கொஞ்ச நேரத்தில் அதோடு இன்னொரு வாசனையும் சேர்ந்துகொண்டது.

நெயில் பாலிஷ்.

குட்டி பாட்டிலின் மூடியைத் திருகும் சத்தம். என் முதுகுக்குப் பின்னால்.

"போதும்ணா. பாத்துட்டேன்" என்றேன், திரும்பாமலே.

"கூப்ட்டீங்களா மேடம்?"

பதில் எதிர்ப்பக்கம், பங்களா சமையலறையிலிருந்து வந்தது.

என் பிடரியில் ஏதோ சில்லென்று பட்டது.

மரத்திலிருந்து விழுந்த சொட்டு. வெறும் சொட்டுதான். ஓடினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சேலம் வந்து சேர்ந்தேன். வேலையும் வேண்டாம், நிரந்தரமும் வேண்டாம். அக்கா கலா எனக்குத் தலை பின்னிவிடும்போது, "ஏன்டி, கழுத்துல என்ன செவப்பா?" என்றாள். ரிமூவர் போட்டுத் தேய்த்தாள். தோல்தான் உரிந்தது. புள்ளி போகவில்லை.

சேலம் எங்கே, அந்தத் தொட்டி எங்கே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கதவைத் தாழ் போட்டு, அக்கா பக்கத்திலேயே படுத்தேன்.

முகத்தில் தூறல் விழுந்து கண் விழித்தேன். பாதமெல்லாம் சேறு. கன்னத்துக்குக் கீழே ஈரக் கல்.

தொட்டிச் சுவர்.

லூர்துராஜ் குடையோடு நின்றிருந்தார். என்னை அவர் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் பார்த்து, மெல்லச் சொன்னார்:

"வந்துட்டாங்க மேடம்."