நாற்பத்தொரு வாய்

அன்று காலை செண்பகராமன் மூன்று வருடத்துக்கு முந்தைய இட்லியைச் சாப்பிட்டார். தட்டில் இருந்தது என்னவோ சாம்பல் நிற ஊட்டப்பசைதான். காதுக்குப் பின்னால் பதித்திருந்த சுவைச்சில்லை இருமுறை தட்டினார்; பசை இட்லியானது, சாம்பாரும் வந்து சேர்ந்தது. எதிரே மனைவி கோமதி போன வருடத்து வெண்பொங்கலில் இருந்தாள். ஒன்பது வயது மகள் அல்லிக்குச் சில்லு கிடையாது. பன்னிரண்டு முடிந்தால்தான் பதிப்பார்கள். அவள் பசையைப் பசையாகவே விழுங்கி முகத்தைச் சுளித்தாள்.

நிலவின் குவிமாட நகரில் அடுப்பு மூட்டத் தடை. தீ மூச்சுக்காற்றைத் தின்றுவிடும். ஆகவே வருடத்தில் மூன்றே நாள் அனுமதி. அதுதான் உணவுத் திருவிழா. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள். அன்று பதிந்த சுவைகளை வைத்துத்தான் வருடம் முழுக்க ஓட்டவேண்டும். சில்லோ கண்டிப்பானது. வாயைக் கொப்பளித்து, கண்ணை மூடி, இருபது நொடி பேசாமல் மென்றால் பதியும். மனம் வேறெங்காவது போனால் ஏற்காது.

இந்த வருடம் அவர்களுக்கு இது விளையாட்டில்லை. கோமதியின் நாக்கில் புற்று. வரும் வியாழக்கிழமை நாக்கை எடுத்துவிட்டுச் செயற்கை நாக்கு பொருத்தப்போகிறார்கள். அது பேசும்; சுவைக்காது. பழைய பதிவுகள் நேராக மூளைக்குப் போவதால் அவை மட்டும் மிஞ்சும். இனி ஆயுள் முழுவதும் அவள் எதைச் சாப்பிடப்போகிறாள் என்பதை இந்த ஒரு நாளில் சேர்த்தாக வேண்டும். செண்பகராமன் காற்றுக்குழாய்ப் பொறியாளர். அழத் தெரியாதவர், பட்டியல் போடத் தெரிந்தவர். நாற்பத்திரண்டு கடைகளுக்கு, நிமிடக் கணக்கோடு பட்டியல் போட்டுக்கொண்டு மனைவி, மகளோடு கிளம்பினார்.

திடலில் தாளிக்கும் வாசனை பட்டதுமே பாதிப் பேருக்குக் கண் கலங்கியது. அப்புறம் எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள். எங்கு திரும்பினாலும் கண்ணை மூடி மெல்லும் மனிதர்கள். ஒரு வாய் பதிந்ததும் மீதி இலையோடு குப்பைத்தொட்டிக்குப் போனது. யாரும் யாரோடும் பேசவில்லை.

பதினெட்டுக் கடைகள் நேரப்படி முடிந்தன. பத்தொன்பதாவது கடையில் கூட்டாஞ்சோறு. கோமதி கொப்பளிக்கும் தண்ணீரைத் தள்ளி வைத்தாள்.

"ஏங்க, இங்க கொஞ்சம் உக்காருவோம். ஒரு இலை முழுசா சாப்பிடணும்."

"பதிஞ்சுட்டு வந்துரு கோமதி. பதிஞ்சாச்சுன்னா ஆயுசுக்கும் சாப்பிடலாம். இன்னும் இருபத்துமூணு கடை கெடக்கு."

"பதியணும்னா வாயை மூடிக்கிட்டு இருக்கணும். எனக்கு அல்லிகூடப் பேசிக்கிட்டே சாப்பிடணும் போல இருக்கு."

சொன்னவள் சில்லை அணைத்தே விட்டாள். அவருக்குக் கோபம் வந்தது. "இருக்கிறது ஒரு நாளு. இன்னைக்குப் போயி வெளாடுதியே" என்று சொல்லிவிட்டு, அடுத்த கடை வரிசையில் இடம் பிடிக்க ஓடினார். தாயும் மகளும் ஒரே இலையில் உட்கார்ந்தார்கள். சிறிது நேரத்தில் கோமதி கையில் ஒரு உருண்டையோடு வந்தாள். மேலே வடகத்தை நொறுக்கிப் போட்டிருந்தாள்.

"ஒரு வாய் வாங்கிக்கோங்க."

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அவர் தலையை மட்டும் திருப்பி வாங்கி விழுங்கினார். மாலைக்குள் மற்ற எல்லாக் கடைகளும் முடிந்தன. மொத்தம் நாற்பத்தொரு வாய். அந்தக் கூட்டாஞ்சோறு ஒன்றுதான் போயிற்று என்று வீடு வரும்வரை அங்கலாய்த்தார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. புது நாக்குக்கு 'ழ' மட்டும் வசப்படவில்லை. பதிவுகளில் ஒரு பழுதில்லை. முதல் வாரம் கோமதி மீன் குழம்பை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தாள்.

"அச்சு அசலா அப்படியே இருக்குங்க. ஆனா ஒரு வாயோட நின்னுருது. அடுத்த வாய்னு ஒண்ணு வரவே மாட்டேங்குது. அதே வாய்தான் மறுபடியும் மறுபடியும்."

ஒரு மாதத்தில் அவள் சில்லைத் தட்டுவதையே விட்டுவிட்டாள். அல்லியோடு சேர்ந்து வெறும் பசையை விழுங்கினாள். விழுங்கும்போது தினமும் ஒரே கேள்விதான்.

"அந்தக் கூட்டாஞ்சோறு எப்படி இருந்துச்சு? சொல்லு."

அல்லி அலுக்காமல் சொல்வாள். "புளி கொஞ்சம் தூக்கல். முருங்கைக்காயி வெந்து கொழஞ்சிருந்துச்சு. நீ வடகத்தைக் கடிச்ச சத்தத்துல பக்கத்து ஆளு கண்ணைத் தொறந்து மொறைச்சாரு. நாம சிரிச்சோம். உனக்குப் பொறையேறிருச்சும்மா."

கோமதி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"ஏங்க, உங்களுக்கு நான் ஒரு வாய் ஊட்டுனேன்லா? உங்க சில்லை நீங்க அணைக்கலையே. அதுல இருக்கும். நானும் அதே இலையில சாப்பிட்டதுனால அந்த ஒண்ணு மட்டும் எனக்கும் ஏறும், மாத்தி விடுங்க."

செண்பகராமனுக்கு உயிர் வந்தது. இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு, சில்லின் பதிவேட்டைத் திறந்தார். தேதி இருந்தது. நேரமும் இருந்தது. அதன் கீழே இரண்டு வரி.

'ஒரு வாய் பெறப்பட்டது. உண்டவரின் கவனம் இல்லாததால் சுவை ஏற்கப்படவில்லை.'

மூன்று முறை படித்தார். நான்காவது முறை எழுத்து மங்கியது. அழத் தெரியாதவர் அழுதார்.

கோமதிக்குப் புரிந்துவிட்டது. "பரவால்லங்க, விடுங்க. வாயால சொன்னாலே போதும். எப்படி இருந்துச்சு?"

அவர் யோசித்துப் பார்த்தார். வரிசையில் முன்னால் நின்றவரின் பச்சைச் சட்டை ஞாபகம் இருந்தது. அடுத்த கடையின் எண் ஞாபகம் இருந்தது. சோறு சூடாக இருந்ததா என்பதுகூடத் தெரியவில்லை. அந்த வீட்டில் இப்போது நல்ல நாக்கு உள்ள பெரிய ஆள் அவர் ஒருவர்தான்.

நாற்காலியை மகள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் சொல்லும்மா" என்றார்.