எதிர்ச்சுற்று

"எதிர்த்தா வாரிய? சாமிய இடமாச் சுத்தக் கூடாதுன்னு தெரியாதா?"

திட்டிக்கொண்டே மோதிச் சாய்ந்த வேல்விழியைத் தாங்கப் போன கை, அந்தக் கண்களைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டது. மின்வாரியத்துச் செல்வக்குமாருக்கு அன்றுவரை ஷாக் அடித்ததே இல்லை.

சங்கரன்கோவிலில் ஆடிச்சுற்று; நேர்ந்துகொண்டவர்கள் கோயிலை நூறு தடவைக்கு மேல் வலம் வரும் நாட்கள். அந்தக் கூட்டத்தில் ஊசியைப் போட்டால் வாசுதேவநல்லூரில்தான் தரையைத் தொடும்.

"ஏன் அழுதிய?"

"எங்கம்மாவக் காணோம்... சுத்திச் சுத்தித் தேடுதேன்..."

வேல்விழி பெங்களூரில் மூளை ஆராய்ச்சி செய்பவள். அவளிடம் பழகிய எலிகள் தனியாகவே டவுன் பஸ் ஏறி வீடு திரும்பும் என்று கேள்வி. அம்மா பிச்சம்மாளுக்கோ சொந்தத் தெருவே மறந்துகொண்டிருந்தது. கோயில் வாசலைத் தாண்டி பஸ் ரோட்டில் இறங்கிவிட்டால்...?

"மைக்குல பேரு சொல்லச் சொல்லட்டுமா?"

"அது தன் பேருதான்னு அவுகளுக்குத் தோணணுமே..."

"மூளையில அப்பிடி என்னதான் கெட்டுப்போச்சு?"

"இடத்த அறியுற செல்லு, திசைய அறியுற செல்லு, தூரத்துக்குக் கட்டம் போடுற செல்லு... எல்லாம் ஆட்டம் கண்டுட்டு. சுவரு பக்கத்துல இருந்தா முழிக்கிற செல்லு மட்டும்..."

நிறுத்தினாள். சாரல் இமையில் துளித்து நின்றது.

"சுவரு! அம்மா இப்பல்லாம் சுவரத் தடவித்தான் நடக்காவ. வலக்கைப் பக்கச் சுவர விட்டிருக்க மாட்டாவ. நானும் பின்னாலயே சுத்துனா எப்பிடிப் பாக்க முடியும்?"

"அப்போ எதிர்த்துப் போவணும்."

இப்போதுதான் திட்டிய வாய்... ரோஷம் தடுத்தது. "சாமி கோவிச்சுக்கிடாதா?"

"நான் பேசிக்கிடுதேன். வாங்க."

ஊரே ஏசியது. இருவரும் எதிரே நடந்தார்கள்.

"நீங்க எதுக்கு எதிர்த்து வந்திய?"

"பின்னால வந்தா... உங்க முகம் தெரியலையே."

வேறொரு நாளாயிருந்தால் சிரித்திருப்பாள். இப்போது ஒவ்வொரு முகமாகத் தேடினாள். இல்லை... இல்லை...

பிரகாரத் திருப்பத்தில் ஒரு கை சுவரைத் தடவியபடி வந்தது.

"ஏட்டி, எங்க போய்த் தொலைஞ்ச? ஒன்னத் தேடித்தான் சுத்துதேன்!"

வேல்விழி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"பொண்ணு பாக்க வந்தவுக எல்லாம், அம்மாவ எங்கயாவது சேர்த்துடலாம்னு சொன்னாவ. நான் இவுகள விட்டு வர மாட்டேன். நீங்களும் போயிருங்க..."

அவன் போகவில்லை. பிச்சம்மாளின் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு ரெண்டு கை இருக்குல்லா..." மற்றக் கையை அவளிடம் நீட்டினான்.

பிச்சம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இது யாருட்டி?"

வேல்விழி அவன் நீட்டிய கையைப் பற்றினாள்.

"எனக்குப் பிடிச்சவரும்மா... மறந்தாப் பரவால்ல. நாளைக்கும் சொல்லுதேன்."