அம்மாவின் பத்துச் சுற்று

தைத்து முடித்த பள்ளிச் சட்டையைத் தூக்கிப் பிடித்த பட்டாணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா! பாக்கெட் முதுகுல இருக்கு! பேனாவை யாரு எடுத்துக் குடுப்பா, பின் பெஞ்சுக்காரனா?"

தையல் மெஷின்மேல் தலை சாய்த்திருந்த அம்மா பதறி நிமிர்ந்தாள். "ஐயையோ! உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குடி."

இருக்காதா பின்னே? அடுத்த மாதம் பள்ளியில் பெற்றோருக்குச் சைக்கிள் போட்டி. கால் தரையில் படாமல் மைதானத்தைப் பத்து முறை சுற்ற வேண்டும். போன வருடம் ஆறாவது சுற்றிலேயே இறங்கி, அழாத குறையாக வீடு வந்தவள் அம்மா. இந்த முறை முடித்தே தீருவது என்று, வாரம் மூன்று நாள் ஓட்டியவள் ஒரேயடியாகத் தினமும் ஓட்டினாள்.

ஓட்டிய சுற்றுகளைக் கதவின் பின்னால் சாக்பீஸால் எழுதுவது பட்டாணியின் வேலை. கடைசி நான்கு நாளாக ஏழு, ஆறு, ஐந்து, நான்கு என்று இறங்கிக்கொண்டே வந்தது.

"கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதையா இருக்கேம்மா!"

"அதான் நாளையிலேருந்து ரெண்டு வேளை ஓட்டப்போறேன்."

பட்டாணி கதவை உற்றுப் பார்த்தாள். அந்த ஏழுக்கும் மேலே ஒரு நாள் மட்டும் எண் இல்லை. மழை கொட்டிய நாள். அதற்கு மறுநாள் எட்டு!

"மழைன்னு ஒரு நாள் ஓட்டலை, மறுநாள் எட்டு ஓட்டியிருக்கே. உன் காலுக்கு லீவு வேணும்மா."

"போட்டியை வச்சுக்கிட்டு லீவா?"

"பரீட்சைக்கு நான் ராத்திரி முழுக்கப் படிச்சா, 'போய்த் தூங்குடி'ன்னு யாரு திட்டுறது?"

அம்மா சிரித்துக்கொண்டே காலண்டரை எடுத்து வந்தாள்.

அன்றே புது அட்டவணை தயார். முதலில் வாரம் நான்கு நாள், உடம்பு பழகியதும் ஐந்து. அதில் இரண்டு நாள் ஊர்க்கதை பேசியபடி மெதுவான சவாரி. பட்டாணியும் தன் குட்டி சைக்கிளில் கூடவே வருவாள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். லீவு நாளில் சைக்கிள் சாவி பட்டாணியின் பைக்குள் போய்விடும்.

"ஒரே ஒரு சுத்துடி, என் செல்லம்ல?"

"இந்தக் கொஞ்சலெல்லாம் என்கிட்ட நடக்காது. காலை நீட்டி உட்காரு."

கதவில் மறுபடி எட்டு வந்தது. ஒன்பதும் வந்தது. பத்து வருவதற்குள் போட்டிக்கு இரண்டே நாள்தான் இருந்தது. அந்த இரண்டு நாளும் லீவு என்றாள் பட்டாணி.

"பத்தை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கலையேடி!"

"அதை மைதானத்துல பார்த்துக்கலாம். இப்போ தூங்கு."

போட்டியன்று ஒரு நெட்டை அப்பா மணியடித்துக்கொண்டே அம்மாவை முந்தினார். அம்மாவுக்கு ரோஷம் பொங்கியது. துரத்தக் குனிந்தாள்.

"அவரை விடும்மா! நம்ம வேகத்துல வா!" என்று கத்தினாள் பட்டாணி.

அம்மா நிமிர்ந்தாள். ஆறு போனது. எட்டு, ஒன்பது... பத்து! அதற்குள் முதலில் வந்தவர் தண்ணீர் குடித்து, முகம் கழுவி, தலையும் வாரி முடித்திருந்தார். அதனால் என்ன? மைதானமே கைதட்டியது.

அம்மா மட்டும் இறங்கவில்லை.

"அம்மா, முடிஞ்சிடுச்சு! நிறுத்து!"

"என் காலு இன்னும் சுத்தணும்ங்குதுடி!"

சிரித்தபடியே அம்மா பதினோராவது சுற்றுக்குப் பறந்தாள். எல்லைக் கோட்டில் போட்டிக் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்த விளையாட்டு ஆசிரியர் அதை மறுபடி விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.