பதின்மூன்றடிக் குழாய்

ஆசீரின் பைக் மட்டும் முந்திரித் தோப்பின் ஓரத்தில் நின்றது. ஆசீரைக் காணோம்!

சீட்டின் மேல் ஒரு விரல் கனத்துக்குச் சிவப்பு மணல் படிந்திருந்தது. ஜெபக்கனி அதைத் தொட்டுப் பார்த்தாள். நேற்றுக் காலை வீட்டைவிட்டுக் கிளம்பிய அண்ணன், ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இந்தத் தேரிக்குள்ளேயா கிடந்தான்?

தேரி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருச்செந்தூர்ப் பக்கம், கடலுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மேடு மேடாகக் கிடக்கும் செம்மணல் காடு அது. ஆடிக்காற்று பிடித்துக்கொண்டால் நேற்றிருந்த மேடு இன்றிருக்காது. நடந்த தடம் கால் எடுப்பதற்குள் அழிந்துவிடும். இன்றோ ஆடி பதினொன்று!

"எல்லாத்துக்கும் நாந்தாம்ல காரணம்" என்றாள் ஜெபக்கனி.

"சும்மா கெட ஏட்டி. மொதல்ல ஆளத் தேடுவோம்" என்றான் சுடலைமணி.

அவள் சொன்னதில் பொய்யில்லை. காயலான் கடையில் வாங்கிய தகரப் பெட்டியின் அடியில் ஆசீருக்கு ஒரு துணி வரைபடம் கிடைத்திருந்தது. அந்தக் காலத்து முத்து வியாபாரி ஒருவர் வரைந்ததாம். தேரிக்குள் ஒரு நிலவறை, நிலவறைக்குள் ஒரு பெட்டி! அதைக் கேட்டு ஜெபக்கனி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா முன்னால் சிரித்தாள், பக்கத்து வீட்டார் முன்னால் சிரித்தாள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்ஸ் தாளில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் அல்லவா! வாயும் அதே அளவுக்கு நீளம். முகம் சுண்டிப்போன ஆசீர் யாரையும் கூப்பிடாமல் தனியாகப் போய்விட்டான்.

சுடலைமணி அவளோடு படிப்பவன். எழுபத்தெட்டு கிலோ உடம்பு. அதே மெக்கானிக்ஸ் தாளில் மூன்று முறை அரியர். ஆனால் ஆபத்து என்றால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவான். இன்றைக்கும் அப்படித்தான் வந்திருந்தான், கையில் ஒரு மண்வெட்டியோடு.

வரைபடத்தின் போட்டோ ஜெபக்கனியின் செல்லில் இருந்தது. வரிசையாக மூன்று பனை; மூன்றாவது பனைக்குத் தெற்கே ஒரு பள்ளம். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இருவரும் மணலேறினார்கள். முழங்கால் வரை புதைந்தது. காற்று ஊளையிட்டது. முதல் பனை! இரண்டாவது பனை! மூன்றாவது பனையின் அடியில் ஒரு ரப்பர் செருப்பு!

"அண்ணன் செருப்பு!" என்று கத்திக்கொண்டே சரிவில் உருண்டு இறங்கினாள் ஜெபக்கனி.

பள்ளத்தின் நடுவே மணல் மூடியும் மூடாமலும் ஒரு பெரிய கல் பலகை படுத்துக் கிடந்தது. அதன் ஒரு மூலை உடைந்து, கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக மணல் சொரசொரவென்று உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து, டொக்... டொக்... டொக்!

ஜெபக்கனி ஓட்டையில் காதை வைத்தாள்.

"யாரது?" என்றது ஈனஸ்வரமாக ஒரு குரல்.

"அண்ணே! நாந்தான், ஜெபா! எப்படிண்ணே உள்ள போன?"

"நேத்து மேல கெடந்த மணல வாரி வெலக்குனதும் மூடி அதுவா நிமிந்து நின்னுச்சு ஜெபா. உள்ள எறங்குனேன். பெட்டி ஒரு இரும்புக் கையில தொங்குச்சு. கொக்கியில இருந்து கழட்டுனேன்... தலைக்கு மேல டமார்னு அடைச்சிட்டு."

ஜெபக்கனி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூடிக்கு ஒரு பக்கம் கீல். கீலுக்கு அந்தப் பக்கம் நீண்ட இரும்புக் கை. கையின் நுனியில் பெட்டி! பெட்டியின் கனம்தான் கல்லை நிமிர்த்தி, கீழே விழாமல் பிடித்து வைத்திருந்தது. பெட்டியைத் தொடுகிறவன் தன் கையாலேயே தன்னைப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். அடப்பாவி வியாபாரி!

"மணலு இடுப்பு வரைக்கும் ஏறிட்டு. அசைய முடியல. தண்ணியும் தீந்துட்டு" என்றது குரல். அதற்குப் பிறகு தட்டுகிற சத்தமும் நின்றுபோயிற்று.

"அண்ணே! ஏ அண்ணே!"

பதில் இல்லை. செல்லில் சிக்னல் இல்லை. ஊருக்கு ஓடி ஆள் கூட்டி வர இரண்டு மணி நேரமாகும். அதற்குள் இந்தக் காற்று பள்ளத்தையே மூடிவிடும்!

சுடலைமணி கல்லின் விளிம்பில் கை கொடுத்து முக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. கல் அசைவேனா என்றது. அவன் நாலாபக்கமும் பார்த்துவிட்டு, முந்திரித் தோப்பில் பாழாய்க் கிடந்த பம்புசெட்டை நோக்கி ஓடினான். திரும்பி வரும்போது தோளில் நீளமான இரும்புக் குழாய்! இன்னொரு நடை போய் அஸ்திவாரக் கல் ஒன்றையும் உருட்டி வந்தான். அந்தத் தேரியில் வேறு கல்லே கிடையாது, மணல்தான்.

உடைந்த மூலையில் குழாயின் முனையைக் கொடுத்து, அடியில் அஸ்திவாரக் கல்லை முட்டுக் கொடுத்தார்கள். குழாயின் மறுமுனை ஓராள் உயரத்துக்கு மேல் வானத்தைப் பார்த்து நின்றது. சுடலைமணி பிடிக்க வசதியாக முட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அமுக்கினான். ஊஹூம்!

"ஏல! அங்கன நின்னு அமுக்கி என்ன பிரயோஜனம்? நுனிக்குப் போ!"

"எங்க நின்னாலும் என் பலம் ஒண்ணுதானட்டி!"

"கதவ கீல் பக்கம் தள்ளிப் பாரு, அசையாது. கைப்பிடி பக்கம் தள்ளு, ஒத்த விரலு போதும். பலம் அதேதான், தூரந்தான் வேற. ரெண்டையும் பெருக்கினா வாறதுதான் திருப்புத்திறன்!"

"இத நம்ம சாரு இப்படிச் சொல்லியிருந்தா நான் எப்பவோ பாஸாகியிருப்பேன்."

"சொன்னாரு. நீ தூங்குன!"

அவள் சாணாலும் முழத்தாலும் கல்லை அளந்து, மணலில் விரலால் கணக்குப் போட்டாள். ஐந்தடி நீளம், நாலடி அகலம், ஓரடி கனம். ஆயிரத்து ஐந்நூறு கிலோ! ஒரு பக்கம் கீல் தாங்குவதால் பாதியைத் தூக்கினால் போதும். குழாய் பதின்மூன்றடி. மணல் சரியாமல் முட்டுக்கல்லை ஒன்றரை அடிக்குள்தான் வைக்க முடிந்தது. மிச்சம் பதினொன்றரை அடி. குழாயின் கனத்தையும் சேர்த்துப் பார்த்தால், நுனியில் எண்பத்தாறு கிலோ தொங்க வேண்டும்.

"நீ எழுபத்தெட்டு. நான் நாப்பத்திரண்டு. சேந்து தொங்குனா தூக்கிரலாம்!"

சுடலைமணி எம்பி நுனியைப் பிடித்தான். ஜெபக்கனி அவன் தோளில் ஏறிக் குழாயைக் கட்டிக்கொண்டாள். குழாய் முனகியது. மெல்ல, மெல்லக் கீழிறங்கியது. அந்தப் பக்கம் கல்லின் விளிம்பு மணலை உதறிக்கொண்டு எழுந்தது! அரை அடி... முக்கால் அடி!

"அண்ணே, வெளிய வா! சீக்கிரம்!"

யாரும் வரவில்லை. இடைவெளிக்குள் ஆசீரின் தலை தெரிந்தது, மார்பு வரை மணல். கண் மூடியிருந்தது.

அப்போதுதான் ஜெபக்கனிக்கு உறைத்தது. அண்ணனாக வெளியே வர மாட்டான். யாராவது போய் இழுக்க வேண்டும். இருவரும் தொங்கினால்தான் கல் நிற்கும்! முட்டுக் கொடுக்க இன்னொரு கல்லும் இல்லை.

"நான் போய் இழுக்கேன்" என்றான் சுடலைமணி. "மணலுக்குள்ள இருந்து ஆள இழுக்க ஒன்னால முடியாது. நீ பிடிச்சிக்கிடு."

"பைத்தியமால ஒனக்கு? எண்பத்தாறு வேணும், நான் நாப்பத்திரண்டு! நீ விட்ட நிமிஷம் கல்லு ஒன் முதுகுல எறங்கும்!"

உள்ளே மணல் ஆசீரின் கழுத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"ஜெபா, ஒன் கணக்கு தப்பா இருக்கணும்னு வேண்டிக்க" என்றான் அவன்.

அவள் அழுதுகொண்டே நுனியின் கடைசி அங்குலத்துக்கு நகர்ந்தாள். குழாயின் மேல் வயிற்றைப் போட்டு, கால் தரையில் பட்டுக் கனம் குறைந்துவிடாதபடி முழங்காலை மடக்கிக்கொண்டாள். சுடலைமணி ஒவ்வொரு விரலாக விட்டான். கல் ஒரு நூல் இறங்கியது. இன்னொரு நூல். ஜெபக்கனி கண்ணை இறுக்க மூடினாள்.

கல் நின்றது!

ஆமாம், நின்றேவிட்டது! வகுப்பில் எல்லாரும் ஈர்க்குச்சி என்று கேலி செய்யும் அந்தப் பெண் ஒற்றை ஆளாய் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அவளாலேயே நம்ப முடியவில்லை.

சுடலைமணி குப்புறப் படுத்து, தலையையும் தோளையும் கல்லுக்கு அடியில் நுழைத்தான். இரண்டு கையாலும் மணலை வாரினான். வயிற்றில் குழாய் அறுத்தது, ஆனாலும் ஜெபக்கனி அசையவில்லை. "அக்குளப் பிடிச்சிட்டேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஒரே இழுப்பு! ஆசீர் மணல் மூட்டைபோல் வெளியே வந்து விழுந்தான்.

"வெலகிட்டோம், விடு!"

அவள் விட்டாள். குழாய் வானத்துக்கு எகிறியது. கல் இறங்கிய அதிர்ச்சியில் பள்ளமே குலுங்கியது.

கொண்டு வந்திருந்த தண்ணீர் முகத்தில் பட்டதும் ஆசீர் கண் திறந்தான். தங்கையைப் பார்த்தான். "பெட்டியத் திறந்து பாத்தேன் ஜெபா. உள்ள பூராவும் தேரி மணலு. நீ சிரிச்சது சரிதான்" என்றான்.

ஜெபக்கனி அவனைக் கட்டிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். "இனிமே சிரிக்க மாட்டேண்ணே, சத்தியமா சிரிக்க மாட்டேன்."

அழுது முடித்து மூக்கைத் துடைத்தவள், திடீரென்று நிமிர்ந்தாள். "ஆனா என் கணக்கு எப்படித் தப்பும்?"

"நூத்துக்கு நூறு எடுத்தவளும் ஒருநா சறுக்குவா. வாட்டி போவோம்" என்றான் சுடலைமணி.

"போல! நான் தனியாத் தொங்குனதுக்கு அந்தக் கல்லு நின்னுச்சுன்னா, அதுல எழுநூறு கிலோ காணோம்னு அர்த்தம். எங்க போச்சு?"

நீளம் சரி, அகலம் சரி, கனமும் சரி. அவள் அளக்காதது ஒன்றே ஒன்றுதான். கல்லுக்குள் முழுக்கக் கல்தானா? அதை அவளாகவே முடிவு செய்துகொண்டிருந்தாள்! மண்வெட்டியின் பின்புறத்தால் கல்லின் ஓரத்தில் தட்டினாள். கிண்! நடுவில் தட்டினாள். டொம்!

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மணலைத் துடைத்தபோது நடுவே சுண்ணாம்பு பூசி அடைத்த ஒரு சதுரம் தெரிந்தது. கொத்திப் பெயர்த்தார்கள். கல்லைக் குடைந்து செய்த குழிக்குள், உமியில் பொதிந்த ஏழு மண் கலயங்கள். முதல் கலயத்தை ஆசீர் கவிழ்த்தான். அவன் உள்ளங்கை நிறைய முத்து! சில மஞ்சளடித்திருந்தன. சில நேற்றுத்தான் கடலிலிருந்து எடுத்ததுபோல் பளபளத்தன. திருட வருகிறவன் பெட்டியைத் தேடி உள்ளே ஓடுவான், தலைக்கு மேல் இருக்கும் மூடியைப் பார்க்கவே மாட்டான் என்று அந்த வியாபாரிக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே ஏழு கலயங்களையும் தாலுகா அலுவலகத்தில் ஒப்படைத்தார்கள். வெளியே ஊரே திரண்டு விசிலடித்தது. ஆசீரின் அம்மா மகனை முதுகில் இரண்டு சாத்து சாத்திவிட்டு, கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். சுடலைமணியைச் சுற்றிப் பத்துப் பேர். திருப்புத்திறன் என்றால் என்ன என்று அவன் எல்லாருக்கும் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு தப்பும் இல்லாமல்!

தாசில்தார் கலயங்களையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "கல்லுக்குள்ள இருக்குன்னு கணக்குப் போட்டுச் சொன்னது நீதானேம்மா? கண்டுபிடிச்சவங்கன்னு ஒன் பேரை எழுதட்டுமா?"

வேறு நாளாக இருந்தால் ஜெபக்கனி தன் மதிப்பெண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லியிருப்பாள்.

"எங்க அண்ணன் பேர எழுதுங்க சார். ஆசீர்" என்றாள். "நான் அவன் சொன்னத அளந்துகூடப் பாக்காம சிரிச்சேன். வேணும்னா அதையும் எழுதிக்கிடுங்க."