குரல் உடையும்வரை

எட்டாம் குவிமாடத்தில் பிள்ளை பிறந்தால், 'என்ன குழந்தை?' என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் டாக்டருக்குத் தெரியாது. பன்னிரண்டு வயதுவாக்கில் குரல் உடைந்தால் பையன். உடையாவிட்டால் பெண்.

எல்லாம் செவ்வாய்த் தண்ணீர் செய்த வேலை. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து, அதைவிட வீரியமான 'உச்சாண்' ஹார்மோனாக மாற்ற உடம்பில் ஒரு நொதி உண்டு. கருவில் ஆண் உடலுக்கு வெளி அடையாளம் தருவது அந்த உச்சாண்தான். இங்கே தண்ணீரில் கலந்த பாறை உப்பு நொதியை முடக்கிப் போட்டது. ஆண்களுக்கு வழுக்கை இல்லை, தாடியும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் ஒரே அச்சு. குரலை உடைக்க மட்டும் டெஸ்டோஸ்டிரோனே போதும்.

அதற்குமுன் மரபணு பார்ப்பது குற்றம்.

அந்தக் குற்றத்தைச் செய்யத்தான் வேள்நம்பி, தன் பத்து வயதுப் பிள்ளை இமையின் தலைமுடியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பியிருந்தான். விஷயம் தெரிந்ததும் அவன் மனைவி யாழ்மொழி சுரங்கப்பாதையில் ஓடினாள். விண்கலப் பள்ளியில் இமைக்குக் கிடைத்த இடத்தை இன்று மதியத்துக்குள் உறுதி செய்யவேண்டும். "பொண்ணா இருந்தா எதுக்குடி அந்தப் படிப்பு?" என்று காலையில்தான் கேட்டான். பயிற்சித் தொப்பியைக் கழற்றாமலே தூங்குகிற பிள்ளை இமை.

கள்ளத்தனமாக மரபணு பார்க்கும் குபேந்திரனின் கொட்டகை. முன்வாசல் பெஞ்சில் வேள்நம்பி நகம் கடித்துக்கொண்டிருந்தான். யாழ்மொழி பின்பக்கமாக நுழைந்தாள். உள்ளே குபேந்திரனின் பக்கத்தில் சோதனைப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணே, என்ன வந்தாலும் பையன்னு சொல்லிடுங்க. கால்ல விழறேன்."

"மெதுவாப் பேசும்மா. கேட்டுடப் போவுது." குபேந்திரன் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு காற்றாடி மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. "ஒரு காலத்துல நெசமாவே பாத்தேன். ஒரு பிள்ளைக்குப் பொண்ணுன்னு சொன்னேன். மறுநாளே பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திட்டானுங்க. அன்னிக்கே உள்ள இருந்ததப் பிடுங்கிப் போட்டுட்டேன். இப்ப வர்றவனுக்கெல்லாம் பையன்தான்."

"குரல் உடையலன்னா? உங்கள வந்து கேக்க மாட்டாங்களா?"

"திருட்டுத்தனமாப் பாத்தேன்னு எந்த வாயால கேப்பான்? அதுக்குள்ள பிள்ளை கலமே ஓட்டியிருக்கும். நீ கிளம்பு."

அவள் வந்த வழியே வெளியேறினாள்.

வீட்டுக்கு அவள் முந்திக்கொண்டாள். சற்று நேரத்தில் வேள்நம்பி இனிப்புப் பெட்டியோடு வந்தான்.

"சேத்துட்டேன்டி! இடம் உறுதி!"

சமையல் மூலையில், தொப்பியும் கையுமாக... இல்லை, தொப்பி தலையில், கை தொட்டியில். இமை மத்தியானத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தது.

வேள்நம்பி பாய்ந்துபோய்த் தட்டைப் பிடுங்கினான். பிள்ளையின் ஈரக்கையைத் தன் சட்டையிலேயே துடைத்துவிட்டான். பிறகு யாழ்மொழியைப் பார்த்து முறைத்தான்.

"ஆம்பளப் பிள்ளைய ஏன்டி பாத்திரம் கழுவ விடற? வா, வந்து நீ கழுவு."